மலைநாட்டில் ஓடும் ஃபோர்வீலுக்கு டயர் எடுப்பது எப்படி

மழைக்காலத்தில் கொஞ்ச நாள் சேறாகக் கிடக்கும் தோட்டத்து ரோட்டை மனதில் வைத்து டயர் எடுப்பதும், வருடத்தின் மீதி நாளெல்லாம் நனைந்த தாரில் வழுக்கிக்கொண்டு திரிவதும் மலைநாட்டு ஃபோர்வீல்காரர்களிடம் அடிக்கடி காணும் சங்கதி. கட்டை கட்டையாக நிற்கும் சேற்று டயர் ஜீப்புக்கு ஒரு மிடுக்கைக் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வட்டவளை மழையில், எதிரே பஸ் வரும் வளைவில் பிரேக் மிதிக்கும்போது அந்த மிடுக்கு கைகொடுக்காது.

முதலில் ரோட்டைக் கணக்குப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு கிழமை ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தாரிலும் கொங்கிறீட்டிலும் எத்தனை கிலோமீற்றர், கல் ரோட்டில் எத்தனை, சேற்றில் எத்தனை. தலவாக்கலையில் இருந்து பக்கத்து டிவிஷன்களுக்குப் போய்வரும் கெப் என்றாலும், பெரும்பாலான ஓட்டம் தாரில்தான் இருக்கும். மீமுரே, நக்கிள்ஸ் பக்கம் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்புக்குக் கணக்கு வேறு.

நூற்றில் எண்பதுக்கு மேல் தார் என்றால் தார் ரோட்டுக்கென்று செய்த ஹெச்.டி. டயர், அல்லது தாருக்கும் மண் ரோட்டுக்கும் பொதுவான ஏ.டி. டயரில் அதிகம் முரட்டுத்தனம் இல்லாதது. பாதிக்குப் பாதி என்றால் தயக்கமில்லாமல் ஏ.டி. தாரைவிடக் கல்லும் சேறும்தான் கூட என்றால் மட்டும் சேற்று டயரான எம்.டி. பற்றி யோசிக்கலாம். ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் இடையில் ஆர்.டி. என்று ஒரு வகை இப்போது வருகிறது. பக்கச்சுவர் எம்.டி. மாதிரி, நடுப்பகுதி ஏ.டி. மாதிரி இருக்கும். கல் ரோட்டுக்கு நல்லது, விலைதான் கொஞ்சம் கூட.

தார்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. வெயில் படாத பக்கத்தில் பாசி பிடித்த தார், பைனஸ் ஊசியிலை படிந்த வளைவு, லொறிச் சில்லுகள் இழுத்து வந்த செம்மண், ஏற்றத்தில் சிந்திய டீசல் எல்லாம் ஒரே பயணத்தில் வந்து சேரும். வண்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நனைந்த தாரில் டயர் பிடிக்கும் பிடிதான். தெரிவை அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்று வகைக்கும் என்ன வித்தியாசம்

டயரின் பூவில், அதாவது ரோட்டைத் தொடும் பகுதியில் உள்ள கட்டைகளை உற்றுப் பார்த்தால், அவற்றின் மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் தெரியும். தார் மேல் நிற்கும் தண்ணீர்ப் படலத்தை அறுத்து ரப்பரைத் தாரில் ஒட்ட வைப்பது அந்த வெட்டுகள்தான். ஹெச்.டி. டயரில் அவை நிறைய இருக்கும், பூ ஆழம் புதிதில் 8 முதல் 9 மில்லிமீற்றர். ஏ.டி.யில் ஆழம் 10 முதல் 13, வெட்டுகளும் போதுமான அளவு. எம்.டி.யில் ஆழம் 13 முதல் 16 வரை போகும். கட்டைகள் பெரியவை, இடைவெளி அகலம், வெட்டுகள் மிகக் குறைவு. தாரைத் தொடும் ரப்பரின் அளவே குறைந்துவிடுவதால், நனைந்த வளைவில் முதலில் வழுக்குவது எம்.டி.தான். சத்தமும் எண்ணெய்ச் செலவும் அதற்குப் பிறகு வரும் தொல்லைகள்.

எம்.டி.யின் பலம் களிமண்ணில் தெரியும். ஏ.டி. டயரின் இடைவெளிகளில் களி அடைத்துக்கொண்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும். எம்.டி. சுழலும் வேகத்தில் களியை வீசி எறிந்து தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து ரோட்டுகளில் பெரும்பாலானவை கல் அடுக்கிப் போட்டவை. மேல் மண் கழுவிப் போனால் கல் முனை வெளியே நிற்கும். அங்கே டயரைத் தின்பது சேறு அல்ல, கல். ஆகவே தோட்டத்து ஓட்டத்துக்குப் பூவின் ஆழத்தைவிடப் பக்கச்சுவரின் உறுதி முக்கியம்.

ரோட்டோர வடிகாலான கானின் ஓரத்தை நினைத்துப் பாருங்கள். எதிரே கொழுந்து லொறி வருகிறது, இடம் விட வேண்டும், இடது பக்கச் சில்லுகளைக் கானின் விளிம்புக்குக் கொண்டுபோகிறீர்கள். கல் கட்டிய கான் விளிம்பு பக்கச்சுவரை உரசிக்கொண்டே போகும். தோட்டத்தில் ஓடிய வண்டியின் இடது பக்க டயர்களின் வெளிச்சுவரில் நீளக் கீறல்கள் இருப்பது அதனால்தான். பூப்பகுதியில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவர் வெட்டுப்பட்டு உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. எந்தக் கராஜில் ஒட்டித் தருகிறோம் என்றாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஜியோலாண்டர் என்ற ஒரே பெயரில் ஹெச்.டி., ஏ.டி., எம்.டி. மூன்றும் வருகின்றன. டியூலரும் அப்படித்தான். பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துதான் வகையைச் சொல்லும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பது

265/65 ஆர் 17 112 எஸ் என்று இருக்கிறது என்று வைப்போம். அகலம் 265 மில்லிமீற்றர். சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது சுமார் 172 மில்லிமீற்றர். ஆர் என்றால் ரேடியல். ரிம் 17 அங்குலம். 112 என்பது பாரக் குறியீடு: ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை என்ற வேகக் குறி. எம்.டி. டயர்களில் அடிக்கடி கியூ இருக்கும், அது 160. மலை ரோட்டில் அந்த வேகம் யாருக்கும் வராது, ஆகவே வேகக் குறியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

பாரக் குறியீட்டை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வண்டிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறைந்த எண் உள்ள டயரைப் போடாதீர்கள். மரக்கறி மூட்டை ஏற்றும் கெப்புக்கு எல்.டி. என்று குறித்த பாரவண்டி டயர் பொருந்தும், சுவரும் தடிப்பு. ஆனால் அதே பாரத்தைத் தாங்க எல்.டி.க்குக் கூடுதல் காற்று வேண்டும். ஸ்டிக்கரில் காற்றின் அளவு 29 பிஎஸ்ஐ என்று இருந்தால் எல்.டி.யில் 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை கூட்டித் தொடங்கலாம். வெற்று வண்டியாகவே எப்போதும் ஓடுபவர் எல்.டி. போட்டால் வண்டி கல்லில் துள்ளும், நனைந்த தாரில் பிடி குறையும். பாரம் ஏற்றாதவருக்கு அது வீண் செலவு.

வேறு அளவு போடலாமா?

போடலாம், எல்லைக்குள். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீற்றர். அதே ரிம்மில் 265/70 போட்டால் 803. விட்டம் 27 மில்லிமீற்றர் கூடுகிறது, வண்டி உயர்வது அதில் பாதி, 13 மில்லிமீற்றர்தான். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது நீங்கள் போவது 62.

யாரும் கணக்கில் எடுக்காதது இறக்கம். விட்டம் 3.4 வீதம் கூடினால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்துக்கொடுத்த பிடி குறையும், அந்தக் குறையைப் பிரேக்கால் நிரப்ப வேண்டியிருக்கும், பிரேக் சூடேறும். அதனால் மலைநாட்டில் விட்டம் கூட்டுவதை 3 வீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போக ஆசைப்படுபவர் பிரேக்கையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அகலத்தைக் கூட்டுவது அதைவிடப் பெரிய தவறு. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அகல டயர் தண்ணீரின் மேல் மிதக்கப் பார்க்கும், ஒடுங்கிய டயர் தண்ணீரையும் மேல் சேற்றையும் வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டியைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவர்களும் 70 வரிசை லேண்ட் குரூசரும் 7.50-16 என்ற ஒடுங்கிய டயரில் மலையெல்லாம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய ஜிம்னிக்குக் கம்பனியே 195/80 ஆர் 15தான் கொடுக்கிறது. அதை 235க்கு மாற்றி என்ன கிடைக்கப்போகிறது? ஒடுங்கிய ரோட்டில் கான் விளிம்புக்கு இன்னும் நெருக்கம்தான்.

அளவு மாற்றினால், நான்கையும் கட்டும் முன் ஒரு டயரை முன்னால் போட்டுப் பாருங்கள். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, மட்கார்ட், சேஸி, பிரேக் ஹோஸ் எதிலும் தொடுகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பிறகு அந்தச் சில்லை ஒரு கல் மேல் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி திருப்புங்கள். தட்டையில் தொடாத டயர், கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது தொடும். மிச்சம் ஒரு விரல் இடமாவது வேண்டும், ஏனென்றால் சேறு ஒட்டினால் அந்த இடம் நிரம்பிவிடும்.

நான்கும் ஒரே மாதிரி

இரண்டு டயர் புதிது, இரண்டு பழையது என்று ஓடுவது சாதாரணக் காரில் சமாளிக்கக் கூடிய விஷயம். ஃபோர்வீலில் அப்படியல்ல. பூ ஆழத்தில் 4 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் 8, அதாவது ஒரு வீதம். தேய்ந்த டயர் உள்ள சில்லு ஒரு கிலோமீற்றரில் புது டயர் உள்ள சில்லைவிட நான்கு சுற்று கூடச் சுற்றும். எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகளில் இந்த வித்தியாசத்தை நடுவில் உள்ள கப்ளிங் விழுங்கிக்கொண்டே இருந்து, கடைசியில் சூடாகிப் பழுதாகும். லீவர் போட்டு ஃபோர்வீலுக்கு மாற்றும் வண்டிகளில், தாரில் ஃபோர்வீல் போட்டு ஓடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி, லீவர் கழரவே மறுக்கும். வித்தியாசத்தை 2 மில்லிமீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயார் வீலும் அதே அளவாக இருக்க வேண்டும். பின்கதவில் வேறு அளவு டயரைத் தொங்கவிட்டு ஓடுபவர்கள், பங்சர் ஆகும் நாளில்தான் அதை நினைப்பார்கள்.

ரேடியலையும், உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும் பழைய வகை நைலோன் டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. பழைய ஜீப்பில் நைலோன் போட்டே ஆக வேண்டும் என்றால் நான்கும் நைலோன். சுவர் பலமானது, விலை குறைவு, ஆனால் தாரில் வண்டி அலையும், மழையில் பிடி குறைவு. பழைய லேண்ட் ரோவர் ரிம்களில் பலவற்றுக்கு டயர் விளிம்பைப் பிடித்துவைக்கும் உள்மேடு கிடையாது. அவற்றுக்கு டியூப் கட்டாயம்.

பாவித்த டயர் வாங்கும்போது

விலை காரணமாகப் பாவித்த டயர் வாங்குபவர்கள் நிறைய. வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும்.

சுவரில் டொட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த நாளைச் சொல்லும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை. ஒரு பக்கச் சுவரில் இந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் மறுபக்கத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியதை யோசித்து எடுங்கள், பத்து வருடம் தாண்டியதைத் தொடவே வேண்டாம். பூ நன்றாகத்தானே இருக்கிறது என்பார் கடைக்காரர். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் பூ இருந்தும் மழையில் பிடிக்காது.

பளபளவென்று கறுப்புப் பொலிஷ் அடித்து வைத்திருந்தால் முதலில் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பூக்கட்டையைக் கட்டை விரலால் ஒரு பக்கம் சாய்த்து, அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவுங்கள். கறுப்பு ரப்பர்த் தூள் கையில் ஒட்டினால், அந்த டயர் காற்றில்லாமல் ஓடி உள்சுவர் அரைபட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரிம்மில் உட்காரும் விளிம்பில் லீவர் கிழித்த இடம், சுவரில் வீக்கம், உள்ளே ஒட்டு, இந்த மூன்றில் எது இருந்தாலும் அதே தீர்ப்பு.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டயர்களிலும், அங்கிருந்து இறக்கிய வண்டிகளோடு வந்த டயர்களிலும் பனிக்கால டயர்கள் இருக்கும். ஸ்டட்லெஸ் என்று ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கும், பூவில் நெளிநெளியான வெட்டுகள் நெருக்கமாக இருக்கும். மழைக்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். அந்த மென்மையான ரப்பர் உறைகுளிருக்குச் செய்தது. நம்முடைய வெப்பத்தில் கட்டைகள் குழைந்து ஆடும், நனைந்த தாரில் பிரேக் தூரம் கூடும், சீக்கிரம் தேயும். நுவரெலியாக் குளிர் அதற்குப் போதாது.

தேய்ந்த டயரில் புதுப் பூ ஒட்டிய ரீபில்ட் டயரை முன்னால் போடாதீர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடு டிரம், ரிம் வழியாக டயருக்கு ஏறும். ஒட்டிய பூ கழரும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம், ஸ்டீரிங் சில்லில் கழன்றால் பிடிக்க முடியாது.

காற்று

உயரம் ஏற ஏறக் காற்றைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் பார்ப்போம். கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கு வந்து ஆறவிடுகிறீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி சுமார் 3 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே 15 பாகைதான், குளிரால் 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறைகிறது. கூட்டிக் கழித்தால் 33க்குப் பக்கத்தில் வரும். ஒன்றும் செய்ய வேண்டாம். தவறு நடப்பது வேறு இடத்தில்: ஏறி வந்த சூட்டோடு அளந்து, 37 காட்டுகிறதே என்று திறந்துவிடுவார்கள். விடியற்காலைக் குளிரில் அது 27க்கு வந்து நிற்கும். காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன், அல்லது மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்த பின் மட்டும் அளக்க வேண்டும். சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச எண் அடிக்க வேண்டிய அளவல்ல. அடிக்க வேண்டியது கதவுத் தூணில் உள்ளது.

அளவு மாற்றிய டயருக்குச் சரியான காற்றைக் கண்டுபிடிக்க ஒரு சுண்ணக்கட்டி போதும். பூவின் குறுக்கே ஒரு தடித்த கோடு போட்டு, காய்ந்த தட்டைத் தாரில் ஐம்பது மீற்றர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட, இரு ஓரமும் அழிந்து நடு நின்றால் குறைவு, சமமாக அழிந்தால் சரி.

தாரை விட்டு இறங்கும்போது காற்றைக் குறைப்பது, எம்.டி. வாங்குவதைவிடப் பல சமயம் பலன் தரும். ஹைலக்ஸ், பிராடோ அளவு வண்டிக்குக் கல் ரோட்டில் 24 முதல் 26, சேற்றில் 18 முதல் 20. ஜிம்னி போன்ற இலகு வண்டிக்கு இதிலும் 3 வரை குறைக்கலாம். 15க்குக் கீழே போனால் கொண்டை ஊசி வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழரும். குறைந்த காற்றில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டாதீர்கள், பாரம் ஏற்றியிருந்தால் இவ்வளவு குறைக்கவும் வேண்டாம். தாருக்குத் திரும்பியதும் உடனே நிரப்ப வேண்டும். அதனால் 12 வோல்ட் கம்பிரசர் ஒன்றும் நல்ல அளவுமானி ஒன்றும் வண்டியில் இல்லாதவர் காற்றைத் திறக்கவே கூடாது.

எப்போது மாற்றுவது, மாற்றிய பின் என்ன

பூவின் இடையில் உள்ள தேய்வுமேடு 1.6 மில்லிமீற்றரில் வெளிப்படும். மலை மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மில்லிமீற்றரில் மாற்றிவிடுங்கள். அளக்க அளவுமானி இல்லாவிட்டால், தீக்குச்சியைப் பூவிடுக்கில் செருகி, நகத்தால் பிடித்து, அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றையும் அளக்க வேண்டும். வளைவுகள் அதிகம் என்பதால் முன் டயர்களின் வெளியோரம்தான் முதலில் போகும். அதனாலேயே சமதரையில் 10000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக இடம் மாற்றிப் போடுவதை இங்கே 6000க்கு ஒருமுறை செய்வது நல்லது. ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தையும் சுற்றினால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். ஒரே திசையில் சுழலும் அம்புக்குறி போட்ட டயர்களை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும் மாற்றுங்கள்.

புது டயர் போடும் காலத்தையும் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துக்குத் தென்மேல் மழை மே மாதம் தொடங்கும், ஏப்ரலிலேயே போட்டுவிடுவது நல்லது. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்தில் ஒக்டோபருக்குப் பின்தான் பெருமழை, அங்கே செப்டம்பர் போதும். புது டயரின் மேல், வார்ப்பு அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுக்குப் பூச்சு இருக்கும். அது தேயும் வரை, முதல் 200, 300 கிலோமீற்றருக்கு நனைந்த வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். காய்ந்த நாட்களில் அந்தத் தூரத்தை ஓடி முடித்துவிட்டால் மழைக்கு டயர் தயாராக இருக்கும்.

டயர் கட்டியதும் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய ரப்பர் வால்வு அடியில் வெடித்துக் கசியும். பெலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடியுங்கள். நட்டுகளை எயார்கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால், கையால் டோர்க் ரெஞ்ச் போட்டு வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின், சில்லுகள் ஆறியிருக்கும்போது, ஒவ்வொரு நட்டையும் குறுக்குக் குறுக்காக மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.